ஆயில் குடிக்கும் கார்: கனத்த ஆயில் எதுவரை காப்பாற்றும்?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பழைய பெட்ரோல் கார் ஒன்று இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரில் கால் படாமல், எஞ்சின் பிடியிலேயே அத்தனை வளைவுகளையும் இறங்கி முடிக்கிறது. கல்லாறு வந்து சாலை சமமானதும் டிரைவர் மிதிக்கிறார். பின்னால் குபீரென்று நீலப் புகை கிளம்புகிறது. பைக்கில் வருபவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கொஞ்ச தூரம் போனதும் புகை அடங்கிவிடுவதால் காருக்குள் இருப்பவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை.

அந்த ஒரு புகையில் பாதி நோய் தெரிந்துவிடும். த்ராட்டில் மூடியிருக்க, சக்கரம் எஞ்சினைச் சுழற்றும்போது இன்டேக் பக்கம் பலமான வெற்றிடம் உண்டாகிறது. இறுகிப்போன வால்வு சீல் வழியாக அந்த வெற்றிடம் மேலே இருக்கும் ஆயிலை உறிஞ்சிச் சிலிண்டருக்குள் இழுத்துவிடும். இறக்கம் முழுக்கச் சேர்ந்த ஆயில், மிதித்ததும் மொத்தமாக எரிகிறது. கோவைப் பட்டறைகளில் இதைச் சொன்னால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "வால்வு சீல் போயிருச்சுங்க" என்பார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதே கார் அதே மலையில் ஏறும்போது, லோடு வாங்கி இழுக்கிற நேரமெல்லாம் விடாமல் புகை தள்ளினால் சங்கதி வேறு. அது பிஸ்டன் ரிங்.

இரண்டு நோய்க்கும் கடையில் கிடைக்கும் மருந்து மட்டும் ஒன்று. "ஆயில் குடிக்குதுங்களா? கனமா 20-50 ஊத்தீருங்க, இன்னும் ரெண்டு வருசம் ஓடீரும்." கோவை நூறடி ரோட்டிலிருந்து ஈரோடு, கரூர், நாமக்கல் வரை இந்த வாக்கியத்தைக் கேட்காத பழைய கார்க்காரர் இருக்க முடியாது. இந்த யோசனை சில எஞ்சின்களைக் காப்பாற்றியிருக்கிறது. சிலவற்றில் எந்தப் பலனும் தராமல் பணத்தை மட்டும் தின்றிருக்கிறது. சில எஞ்சின்களைக் கொன்றும் இருக்கிறது. எந்த எஞ்சினுக்கு எது என்று பிரித்துப் பார்க்காமல் ஊற்றுவதுதான் ஆபத்து.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்?

ஆயில் எரிக்காத எஞ்சின் உலகத்தில் இல்லை. சிலிண்டர் சுவரில் ரிங் வழித்து விட்டுப்போகும் மெல்லிய படலம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எரியத்தான் செய்யும். டொயோட்டாவின் கையேடுகளில் 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை போகலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த எண்ணைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோகிறார்கள். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், 2,500 ஆர்.பி.எம்.மில் ஓடினால் 1,000 கிலோமீட்டருக்குள் நான்கு சிலிண்டர் எஞ்சினில் 50 லட்சம் முறை எரிபொருள் வெடிக்கிறது. 1 லிட்டரை அந்த 50 லட்சத்துக்குப் பங்கு போட்டால், 250 வெடிப்புக்கு ஒரு சொட்டுதான் ஆகிறது. ரிங்கும் சீலும் எவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்கின்றன என்பது இதில் தெரியும்.

ஆனாலும் கையேட்டில் இருக்கும் அந்த எண், உத்தரவாதத் தகராறில் கம்பெனி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் எல்லைக்கோடு. கார் வைத்திருப்பவருக்கு அது சரியான அளவுகோல் ஆகாது. என் கணக்கு இது: 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் போனால், பழைய காரில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். அரை லிட்டரைத் தொட்டால் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு லிட்டர் ஆகிவிட்டால் எந்த ஆயிலும் தீர்வு தராது, எஞ்சினைத் திறந்தாக வேண்டும்.

இதற்கு அளவு தெரிய வேண்டும். இங்கேதான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். "மாசம் ஒரு டப்பா ஊத்தறனுங்க" என்பது அளவாகாது. மாதத்துக்கு 400 கிலோமீட்டர் ஓடும் காரும் உண்டு, 4,000 ஓடும் காரும் உண்டு. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்திய காரில் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுக்கச் செருகி மறுபடி உருவ வேண்டும். ஆயில் நிற்கும் இடத்தை இரண்டு பக்கமும் பார்த்து, தாழ்வாக இருக்கும் பக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். ஓடோமீட்டர் எண்ணையும் ஊற்றிய மில்லியையும் டேஷ்போர்டில் கிடக்கும் நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று தடவை எழுதினாலே, பட்டறைக்காரர் கேட்கும் முதல் கேள்விக்குச் சரியான பதில் உங்கள் கையில் இருக்கும். போர்வெல் ரிக் ஓட்டும் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. நின்ற இடத்தில் நாள் முழுக்க ஓடும் கம்ப்ரஸர் எஞ்சினை அவர்கள் மணிக்கணக்கில் அளக்கிறார்கள். கார் வைத்திருப்பவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இது.

டப்பா மேல் இருக்கும் எண்

20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30. பட்டறையில் டபிள்யூவை விட்டுவிட்டு 20-50, 15-40 என்றே பேசுகிறார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன். எஸ்.ஏ.இ. எனப்படும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911-ல் ஆயிலை வகைப்படுத்தத் தொடங்கியதன் தொடர்ச்சி இந்த எண்கள். முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னால் இருப்பது எஞ்சின் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது எவ்வளவு கனமாக நிற்கும் என்பதையும் காட்டுகின்றன.

முன் எண் 20 என்றால், பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி குளிரிலும் எஞ்சினைச் சுழற்ற முடியும் என்று சோதித்திருக்கிறார்கள். ஜனவரி அதிகாலையில் ஊட்டியில் உறைபனி விழும்போதுகூட அந்த அளவுக்குக் குளிராது. ஆகவே ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை கொங்கு நாட்டில் எங்கேயும் தேவையில்லை. குளிர்ந்த எஞ்சினில் ஆயில் எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறுகிறது என்பது தனிக் கேள்வி. 40 டிகிரியில் 5-30 ஆயிலைவிட 20-50 ஏறத்தாழ இரண்டரை மடங்கு கெட்டி. கோவையின் மார்கழிக் காலையில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் கேட்கும் டப்பெட் சத்தம் அதன் அடையாளம்.

பின் எண்ணில்தான் நம் விஷயம் இருக்கிறது. 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருந்தால் 30. அங்கிருந்து 16.3 வரை 40. அதற்கு மேல் 21.9 வரை 50. ஒவ்வொரு எண்ணும் ஒரு பட்டை, ஒரு புள்ளி கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஒரு கம்பெனியின் 30 பட்டையின் உச்சியில் 12-ல் இருக்கலாம். இன்னொரு கம்பெனியின் 40 பட்டையின் அடியில் 13-ல் இருக்கலாம். அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிட்டு "ஒண்ணும் வித்தியாசம் தெரியலீங்க" என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை. ஆயில் கம்பெனிகள் எல்லாம் தங்கள் தயாரிப்புக்குத் தகவல் தாள் வெளியிடுகின்றன. டப்பாவைவிட அந்தத் தாளில் 100 டிகிரி வரிசையைப் பார்த்து வாங்குவது மேல்.

டப்பாவில் அச்சிடாத இன்னொரு குணம் ஆவியாதல். ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் காய்ச்சி, எவ்வளவு காணாமல் போகிறது என்று நிறுக்கும் சோதனைக்கு நோக் என்று பெயர். அமெரிக்கத் தரத்தில் வரும் மெல்லிய ஆயில்களுக்கு 15 சதவீதம் வரை இழப்பு அனுமதி. ஐரோப்பாவின் ஏ3/பி4 தரத்தில் 13 சதவீதம். பிஸ்டன் ரிங் இருக்கும் சூட்டில் ஆயிலின் இலகுவான பகுதி ஆவியாகி, பிரீதர் குழாய் வழியாக இன்டேக்குக்குப் போய் எரிந்துவிடுகிறது. புகையே தெரியாமல் லெவல் மட்டும் இறங்கும் கார்களில் இதற்கும் பங்கு உண்டு.

குளிரைப் பற்றிக் கவலையில்லாத நம் ஊருக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது. முன் எண் சின்னதாக வர வேண்டுமானால் அடிப்படை எண்ணெயை இலகுவாக எடுக்க வேண்டும். மினரல் ஆயிலில் இலகுவான எண்ணெய் சீக்கிரம் ஆவியாகும். 15-40 மினரலில் இருக்கும் அடிப்படை எண்ணெய் கனத்தது, அதனால் அவ்வளவு ஆவியாகாது. ஆகவே ஆயில் குடிக்கும் பழைய காருக்கு மாற்றம் என்றாலே 50-க்குத் தாவ வேண்டியதில்லை. 10-30 ஓடும் எஞ்சினுக்கு 15-40 ஊற்றினாலே முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் ஒரு படி ஏறிவிடும். வெயில் 37, 38 டிகிரியைத் தொடும் சித்திரையில், நான் முதலில் கை வைக்கும் டப்பா இதுதான்.

ஒரு ஸ்பூன் ஆயில் சொல்லும் உண்மை

கிரேடை மாற்றுவதற்கு முன் ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிட வேண்டும். முதலில் வெளியே. டப்பெட் கவர் கேஸ்கட், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், ஆயில் ஃபில்டரின் வாய். காலையில் காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்தால் சொட்டு தெரிந்துவிடும். அடுத்தது பி.சி.வி. வால்வு. எஞ்சின் வயிற்றில் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் சிறிய வால்வு இது. பெரும்பாலான வகைகளைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும். வராவிட்டால் அடைத்திருக்கிறது. விலை குறைந்த சாமான், பத்து நிமிட வேலை. இதைப் பார்க்காமலேயே எஞ்சினை இறக்கச் சொல்லும் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று காற்று அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறையில் இதற்குப் பெயர் பேக் கம்ப்ரஷன். மேலே நிற்க வேண்டிய அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது என்று அர்த்தம்.

அதற்கும் அடுத்த சோதனையைக் கிட்ட நின்று பாருங்கள். மாருதி 800 ஒன்று. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினைச் சூடாக்கிவிட்டு மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுகிறார்கள். பிளக்கின் முனையில் ஈரமான கரி அப்பியிருந்தால் அந்தச் சிலிண்டரைக் குறித்துக்கொள்கிறார்கள். இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, கம்ப்ரஷன் கேஜைப் பிளக் துளையில் திருகி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்கிறார்கள். முள் நாலைந்து தாவலில் ஏறி நிற்கிறது. முதல் சிலிண்டர் 170 பி.எஸ்.ஐ., இரண்டாவது 165, மூன்றாவது 115 என்று வைத்துக்கொள்வோம். இப்போது மூன்றாவது துளைக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும். முள் 150-க்கு ஏறினால், ஊற்றிய ஆயில் ரிங்கைச் சுற்றியிருந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது, ஆக ரிங் தேய்ந்திருக்கிறது. 115-லேயே நின்றால் வால்வு சரியாக உட்காரவில்லை. டீசல் எஞ்சினில் இப்படி ஆயில் ஊற்றிப் பார்க்கவே கூடாது. அங்கே ஆயிலும் தானாகப் பற்றிக்கொள்ளும்.

மூன்று சிலிண்டரும் 170 காட்டியும் கார் ஆயில் குடிக்கலாம். அனுபவம் குறைந்தவர்கள் குழம்புவது இங்கேதான். பிஸ்டனில் மேலே இரண்டு ரிங்குகள் அழுத்தத்தைப் பிடிக்கின்றன. மூன்றாவதாக இருக்கும் ஆயில் ரிங்கின் வேலை, சுவரில் அதிகமாக இருக்கும் ஆயிலை வழித்து, பின்னாலிருக்கும் துளைகள் வழியாகக் கீழே திருப்பி அனுப்புவது. மேல் இரண்டும் நன்றாக இருந்து, ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து இறுகியிருந்தால் கம்ப்ரஷன் குறையாது, ஆயில் மட்டும் போய்க்கொண்டிருக்கும். வால்வு சீலின் கதையும் கம்ப்ரஷன் கேஜில் ஏறாது. அதைச் சொல்வது குன்னூர் இறக்கமும், இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் முதல் புகையும்தான்.

கரி பிடித்த ஆயில் ரிங்குக்கு உலகம் அறிந்த உதாரணம் டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏ.இசட்-எஃப்.இ. எஞ்சின். 2007 முதல் 2009 வரை வந்த கேம்ரி கார்களில் ஆயில் குறைகிறது என்ற புகார் அமெரிக்காவில் குவிந்தது. வழக்குகள் எழுந்தன. கடைசியில் கம்பெனி உத்தரவாதத்தை நீட்டித்து, பிஸ்டனையும் ரிங்கையும் புது வடிவத்தில் மாற்றிக் கொடுத்தது. பெயர் பெற்ற கம்பெனியின் எஞ்சினிலேயே கனத்த ஆயிலால் தீராத நோய் இது. அடைத்த துளை வழியாகக் கனத்த ஆயில் இன்னும் மெதுவாகத்தான் திரும்பும். இந்த நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு நான் சொல்வது வேறு: கிரேடைக் கையேட்டில் உள்ளபடியே வைத்து, கரியைக் கழுவும் சக்தி அதிகமுள்ள நல்ல ஆயிலை ஊற்றி, 10,000-க்குப் பதிலாக 4,000, 5,000 கிலோமீட்டரில் மாற்றிக்கொண்டே வாருங்கள். சில எஞ்சின்களில் ரிங் மெல்ல விடுபடுகிறது. விடுபடாவிட்டால் பிஸ்டனை வெளியே எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஒரு படி ஏறலாம்

ஆக, கனத்த ஆயில் எங்கே பயன்படும்? ரிங்கும் போரும் சீராகத் தேய்ந்த, டர்போ இல்லாத, பழைய எஞ்சினில். மாருதி 800, ஆம்னி, பழைய ஜென், முதல் தலைமுறை சான்ட்ரோ, அம்பாசடர் எல்லாம் இந்த ஜாதி. தேய்ந்த இடைவெளியில் கெட்டியான படலம் கொஞ்சம் நன்றாக நிற்கும். வால்வு சீல் வழியாக இறங்குவதும் குறையும். சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது விட்டு விட்டு எரியும் ஆயில் விளக்கு அணைந்துவிடுவதும் உண்டு. 30 ஓடிய எஞ்சினுக்கு 40, 40 ஓடியதற்கு 50. ஒரே படி. இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, நோட்டைப் பாருங்கள். அரை லிட்டர் போன இடத்தில் 300 மில்லி போகிறதென்றால் அந்த ஆயில் தன் வேலையைச் செய்திருக்கிறது. மாற்றம் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். போகிற வழி வேறு எங்கோ இருக்கிறது.

ஆயிலைக் கெட்டியாக்கும் டப்பா மருந்துகளையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை 20-50 செய்வதையே வேறு வழியில், எத்தனை சென்டிஸ்டோக் ஏறும் என்று தெரியாமல் செய்கின்றன. கிரேடு தெரிந்த ஆயிலே போதும்.

இனி, ஏறக்கூடாத எஞ்சின்கள். புதிய மாருதி கார்கள் சிலவற்றுக்கு 0-16 என்ற மெல்லிய ஆயில் வருகிறது. பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வு நேரத்தை மாற்றும் வி.வி.டி. எல்லாமே அந்த மெல்லிய ஆயிலை மனதில் வைத்து வடிவமைத்தவை. சின்னத் துளைகளின் வழியே ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வி.வி.டி.யும் டைமிங் செயின் டென்ஷனரும் 20-50 ஊற்றினால் காலையில் தடுமாறும். மைலேஜும் சில சதவீதம் இறங்கும். கேடலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும் காரில் இன்னொரு சிக்கல். அமெரிக்கத் தரத்தில் மெல்லிய கிரேடுகளுக்கு ஃபாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு, 15-40, 20-50 போன்ற கனத்த கிரேடுகளுக்கு அந்த வரம்பு இல்லை. எரிகிற ஆயிலில் இருக்கும் ஃபாஸ்பரஸ் நேராகக் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் இருக்கும் புகை வடிகட்டிக்குச் சாம்பல் குறைந்த தனி ஆயில் வேண்டும். வேறு ஆயிலின் சாம்பல் அதை நிரந்தரமாக அடைத்துவிடும். இந்தக் கார்களில் கிரேடு விளையாட்டே வேண்டாம்.

ஸ்விஃப்ட் டீசல், இன்னோவா போன்ற டர்போ டீசல்களில் ஆயில் குறைந்தால் முதலில் இன்டர்கூலர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் லேசாகப் பூசியிருந்தால் சாதாரணம். தேங்கி நின்றால் டர்போ சீல் போயிருக்கிறது. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. டர்போ வழியாகவோ பிரீதர் வழியாகவோ ஆயில் தாராளமாக இன்டேக்குக்குப் போனால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும், அல்லது காற்று போகும் வழியை அடைக்க வேண்டும். "எப்படியும் குடிக்கத்தானே போவுது" என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றி வைப்பதும் இதே ஆபத்தில் கொண்டுபோய் விடும். மேல்கோடு ஒரு கட்டளை.

எஞ்சினைக் கொல்வது புகை இல்லை

ஆயில் குடிக்கும் கார்கள் பெரும்பாலும் ஆயில் எரிவதால் சாவதில்லை. ஆயில் தீர்ந்துபோய்ச் சாகின்றன. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கு லெவலைக் காட்டும் என்று நினைத்திருப்பவர்கள் ஏராளம். அது அழுத்த விளக்கு. பம்பின் வாய்க்கு ஆயில் எட்டாமல் போய், அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான் எரியும். சுமார் 3 லிட்டர் மட்டுமே பிடிக்கும் சின்ன எஞ்சினில் ஒன்றரை லிட்டர் காலியாகியும் சமவெளியில் அது கப்சிப்பென்று இருக்கும்.

மலையில் கதை மாறும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்கு 70, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஒவ்வொரு வளைவிலும் எஞ்சினின் அடித்தட்டான சம்ப்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. லெவல் குறைந்திருந்தால் உறிஞ்சு குழாயின் வாய் காற்றை இழுக்கும். ஏற்றத்தில், அதிக லோடில், அதிகச் சூட்டில், ஒரு விநாடி எண்ணெய் இல்லாமல் பிக் எண்ட் பேரிங் சுழல்கிறது. இப்படி நாலைந்து முறை ஆனால் பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ளும். மலைக்குப் புறப்படும் காலையில் லெவல் மேல்கோட்டில் இருக்கட்டும். டிக்கியில் அதே கிரேடில் ஒரு லிட்டர் டப்பாவும் இருக்கட்டும். வேறு வழியில்லாமல் வேறு கிரேடு ஊற்ற நேர்ந்தால் ஊற்றுங்கள், கலந்தாலும் ஓடும். ஆயில் இல்லாமல் ஓடாது.

"ஊத்திக்கிட்டேதான் இருக்கறம், அப்புறம் எதுக்குங்க ஆயில் சேஞ்சு?" என்று கேட்பவர்களும் உண்டு. ஊற்றுவது புதிதாக இருந்தாலும் ஃபில்டர் பழையது. எரிந்த கரியும் உலோகத் தூளும் சம்ப்பிலேயே இருக்கின்றன. அதில்தான் ஆயில் ரிங் இன்னும் இறுகுகிறது. மாற்றும் தவணையைக் கூட்டாமல் குறைக்க வேண்டிய கார் இது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல், சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். கழிவு ஆயிலைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2024 ஏப்ரல் 1 முதல் தயாரிப்பாளர்கள் மேலும் சட்டம் சுமத்தியிருக்கிறது. நொய்யல் ஆறு ஏற்கெனவே பட்டது போதும்.

லேத் பக்கத்தில் இருக்கும் ஊர்

வேறு பல ஊர்களில் கனத்த ஆயிலை ஊற்றி நாளைத் தள்ளுவதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். எஞ்சினைத் திறந்தால் நம்பி மூடித் தர ஆள் கிடைக்காது. கொங்கு நாட்டில் அந்த நியாயம் செல்லாது என்பது என் உறுதியான எண்ணம். 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சி–பழனி வழித்தடத்தில் ஒரே பேருந்தோடு தொழிலைத் தொடங்கியதிலிருந்து, வண்டியைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் இந்த மண்ணின் பிழைப்பாக இருக்கின்றன. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி, திருச்செங்கோட்டில் ரிக். கோவையில் வார்ப்படமும் லேத்தும். மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை எஸ். கரிவரதன் கட்டியதும் இதே கோவையில்தான். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் ஓடுதளம் நிற்கிறது. அந்த எஞ்சினின் நாடி நரம்பெல்லாம் தெரிந்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன.

வால்வு சீல் மட்டும் என்றால் பல எஞ்சின்களில் ஹெட்டை இறக்காமலேயே மாற்றலாம். சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றி வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீலை மாற்றிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கனத்த ஆயில் வாங்கும் செலவில் பெரும்பகுதி இந்த வேலைக்குப் போதும்.

ரிங் வேலை பெரியது. அங்கே லேத்துக்காரரிடம் கேட்க வேண்டியது விலை மட்டும் இல்லை. சிலிண்டர் போரை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தாரா? தேய்மானம் குறைவாக இருந்தால் ஹோனிங் செய்து புது ரிங் போட்டால் போதும். முட்டை வடிவத்துக்குப் போயிருந்தால் போர் ஏற்றி, 10 தௌ அல்லது 20 தௌ (தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். முட்டையாகிப்போன போரில் புது ரிங்கை மட்டும் மாட்டினால் ஆறே மாதத்தில் பழைய புகை திரும்பிவிடும். ரிங்கைப் போருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரு முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். இஞ்சுக்கு 4 தௌ என்பது பழைய கணக்கு. 68.5 மில்லிமீட்டர் போர் உள்ள 800-க்கு அது கிட்டத்தட்ட 0.27 மில்லிமீட்டர் வரும். இந்த அளவை உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்டத் தயங்காதவரிடம் எஞ்சினைத் தைரியமாக விடலாம்.

வேலை முடிந்த எஞ்சினுக்கு, ரிங் போரில் உட்காரும் வரை சாதாரண மினரல் ஆயில் நல்லது. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் இழுக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் லெவல் கொஞ்சம் இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பிறகு கையேட்டில் உள்ள கிரேடுக்கே திரும்பிவிடுங்கள். "பழகிப்போச்சுங்க, 20-50-யே இருக்கட்டும்" என்று பட்டறையில் சொல்வார்கள். தேய்ந்த எஞ்சினுக்கு ஊற்றிய ஆயில் அது. இப்போது உள்ளே இருப்பது வேறு எஞ்சின்.